மகள் கல்யாணத்துக்கு நான் ஆடிய கோல்ஃப்

ஐம்பது வயதைத் தாண்டிய மனிதன் புதிதாகக் கற்றுக்கொள்ளக்கூடியவை குறைவு. சர்க்கரை இல்லாத காபியை முகம் சுளிக்காமல் குடிக்கக் கற்றுக்கொள்ளலாம். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடக் கற்றுக்கொள்ளலாம். நான் கோல்ஃப் கற்றுக்கொண்டேன். முழு கோல்ஃப் அல்ல. பணக்காரர்கள் இடுப்பை ஒடித்துப் பந்தை அடிவானத்துக்கு அனுப்புவார்களே, அது எனக்குத் தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது கடைசி முப்பது அடி. பந்து கிரீன் என்கிற அந்த மொட்டையடித்த புல்தரைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது, அங்கிருந்து அதைத் தட்டிக்கொடுத்துக் குழிக்குள் அனுப்ப வேண்டும். இதற்குச் சிப்பிங் என்று பெயர். என் மகளின் கல்யாணம் இந்தத் தட்டிக்கொடுத்தலை நம்பித்தான் இருந்தது.

மகள் சென்னையில் வேலை பார்த்த இடத்தில் ஒரு பையனைப் பார்த்து வைத்திருந்தாள். பையன் நல்லவன், எங்களைப் போலவே கத்தோலிக்கன், எங்களிடம் சம்மதம் கேட்பதுபோல நடிக்கும் அளவுக்கு மரியாதை தெரிந்தவன். எதிர்ப்பதற்கு ஒன்றுமே இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆகவே இரண்டு குடும்பங்களும் சேர்ந்து முயன்று ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்தோம். கல்யாணம் எந்தக் கோயிலில்?

என் மனைவி எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பாடுகிறாள். எங்கள் பங்கில் மணமாகிப் போன பெண்களில் பாதிப் பேர் அவள் குரலைக் கேட்டுக்கொண்டேதான் பீடம்வரை நடந்திருக்கிறார்கள். பின்னாளில் அவர்கள் புருஷனோடு சண்டை போட்டதற்கு அவள் பொறுப்பல்ல. அவளுடைய ஒரே ஆசை, சொந்த மகள் நடந்து வரும்போது அதே மரப் படியேறி, பாடகர் குழு நிற்கும் அதே மாடத்தில் நின்று பாட வேண்டும் என்பது.

"பொண்ணுக்கு அம்மா கீழ நிக்க வேணாமா?" என்று கேட்டேன்.

"கீழ நிக்கிற வேலைய நீங்க பாருங்க. உங்களுக்கு அது நல்லா வரும்" என்றாள்.

சம்பந்தியாகப் போகிறவருக்கோ சென்னையில் அவருடைய பங்குக் கோயில். குளிர்சாதனம் உண்டு, கார் நிறுத்த இடம் உண்டு, கீபோர்டுடன் வாடகைக்கு வரும் பாடகர்கள் உண்டு. பெரிய கம்பெனியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அதிகாரம் செய்ய ஆள் கிடைக்காததால் கோல்ஃப் பந்தை அதிகாரம் செய்துகொண்டிருந்தார். எங்கள் ஊருக்கு வந்து, முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கார் நிறுத்தும் இடத்தின் பெருமைகளை அவர் எடுத்துச் சொன்னார். அவருடைய கார் இரண்டு தெரு தள்ளி நின்றிருந்ததால் அந்த வாதத்துக்கு ஓர் உண்மையின் பலம் இருந்தது. பேச்சு நகரவில்லை. முறுக்குத் தட்டு காலியானதும் அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்க ஏதோ இரும்புக் குண்டு எறிவீங்களாமே சம்பந்தி? பையன் சொன்னான்."

"பெத்தாங்க்" என்றேன் அடக்கமாக.

"கோல்ஃப் ஆடியிருக்கீங்களா?"

"டிவில வந்தா சேனல் மாத்துவேன்."

"பெரிய ஷாட்லாம் வேணாம், அது இந்த வயசுல உங்களுக்கு வராது. கிரீன் ஓரத்துலருந்து குழிக்குள்ள. அவ்ளோதான். மூணு குழி ஆடுவோம். கொறைச்ச அடியில போட்டவருக்கு அந்தக் குழி. ரெண்டு குழி யார் ஜெயிக்கிறாங்களோ அவங்க கோயில்ல கல்யாணம். மழைக்காலம் முடியட்டும், அதுவரைக்கும் பழகுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சமையலறை வாசலில் நின்றிருந்த என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"சரிண்ணே" என்றாள்.

அவர்கள் போன பிறகு எனக்கு வியர்த்தது. அவளுக்கு வியர்க்கவில்லை.

"தெனமும் சாயந்திரம் குண்ட தூக்கிப் போட்டு ஒண்ணு பக்கத்துல ஒண்ணா நிறுத்துறீங்கல்ல? அதே தான இதுவும்? இத்தன வருஷமா போறீங்க. ஒரு நாளாவது வீட்டுக்கு ஒபயோகப்படட்டும்."

என் திறமைமீது அவள் நம்பிக்கை வைத்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. மறுக்க மனம் வரவில்லை.

பெத்தாங்க் பற்றித் தெரியாதவர்களுக்காக: பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை விட்டுப் போகும்போது எடுத்துப் போக மறந்த சாமான்களில் அதுவும் ஒன்று. ஒரு சிறிய மரப்பந்தைத் தூரத்தில் போட்டுவிட்டு, இரும்புக் குண்டுகளை அதன் பக்கத்தில் போய் நிற்கும்படி எறிய வேண்டும். இரண்டு பாதங்களும் தரையில் இருக்க வேண்டும். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. தொப்பை உள்ளவர்களுக்காகவே கண்டுபிடித்த ஆட்டம் என்று நினைக்கிறேன். குருசுக்குப்பம் பக்கம் மரத்தடி மண்தரையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஆடுவோம். பகலெல்லாம் பிறப்புச் சான்றிதழ்களைப் பிரெஞ்சுக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கிற எனக்கு அந்த மண்தரையில் கொஞ்சம் மரியாதை இருந்தது. எவ்வளவு என்றால், நான் குண்டை எடுத்தால் மற்றவர்கள் பேச்சைச் சற்றுக் குறைத்துக்கொள்வார்கள்.

சம்பந்தி கொடுத்தனுப்பிய மூட்டை ஒரு வாரத்தில் வந்தது. அதில் முகம் சாய்ந்த ஒரு மட்டை இருந்தது, அதற்கு வெட்ஜ் என்று பெயர். குழிக்குப் பக்கத்தில் வந்தபின் உருட்டுவதற்குத் தட்டையான இன்னொன்றும், கொஞ்சம் பழைய பந்துகளும் இருந்தன. தன்னைத் தோற்கடிக்கும் ஆயுதத்தை எதிரிக்கே அனுப்பி வைக்கும் பெருந்தன்மை. அதன் பெயர்தான் தன்னம்பிக்கை என்று பிற்பாடு புரிந்தது.

மொட்டை மாடியில் பயிற்சியைத் தொடங்கினேன். புல்லுக்குப் பதில் தேங்காய்நார் மிதியடி. குழிக்குப் பதில் துணி அலசும் பக்கெட். ஆசிரியருக்குப் பதில் கைபேசியில் ஒரு வெள்ளைக்காரர். எடையை முன்காலில் வை, பந்தைப் பின்காலுக்கு நேராக வை, கைகள் பந்துக்கு முன்னால் இருக்கட்டும், மணிக்கட்டை மடக்காதே, பந்தைத் தூக்கிவிட முயலாதே, தூக்குவது மட்டையின் வேலை என்று அவர் புன்னகையோடு சொன்னார். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. என் உடம்புதான் மறுத்தது. மட்டைமேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அதற்கு உதவி செய்யும் நல்லெண்ணத்தில் கடைசி நொடியில் மணிக்கட்டால் ஒரு தூக்குத் தூக்குவேன். ஒன்று, பந்துக்கு முன்னாலேயே மிதியடியை வெட்டி நார் பறக்கும், பந்து நகராது. அல்லது, பந்தின் நடுமண்டையில் மட்டையின் விளிம்பு பட்டு அது தோட்டா போலக் கிளம்பும்.

அப்படிக் கிளம்பிய முதல் பந்து பக்கத்து மாடிக்குப் போனது.

"ஏங்க! மாடியில இன்னா பண்றீங்க?" என்று பக்கத்து வீட்டு அக்கா கைப்பிடிச் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தார். "எம் மொளகாய்க்கு நடுவுல வெள்ளையா ஒண்ணு முட்ட போட்ருக்கு."

"கோல்ஃப் பழகுறேங்க்கா. பொண்ணு கல்யாணத்துக்கு."

அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். "நாங்கலாம் பொண்ணு கல்யாணத்துக்கு நகை சேத்தோம்" என்று சொல்லிவிட்டுப் பந்தை வீசினார். அது நேராக வந்து பக்கெட்டுக்குள் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

இரண்டாவது பந்து எதிரே இருந்த லேத்துப் பட்டறையின் தகரக் கூரையில் போய் இறங்கியது. பட்டறைக்காரர் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். "முசே, இன்னொரு வாட்டி வந்துச்சின்னா கடைஞ்சி கோலிகுண்டாக்கிடுவேன்!" எங்கள் ஊரில் பேண்ட் போட்ட நடுவயதுக்காரன் எவனும் முசேதான். அதில் மரியாதை எவ்வளவு என்பது குரலைப் பொறுத்தது. அன்று குறைவாக இருந்தது.

மட்டையைத் தூக்கிக்கொண்டு பெத்தாங்க் தரைக்கே போனேன். அங்கே எங்கள் எதிரணியின் தலைவர் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குபவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர் பேசுவதை வைத்துப் பார்த்தால் அந்த ராணுவத்தில் மற்ற எல்லோரும் அவருக்குத் துணையாகப் போனவர்கள். உலகில் அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. தெரியாததைப் பற்றித்தான் கூடுதல் உறுதியோடு பேசுவார். என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"கை இருக்கச் சொல்ல குச்சி எதுக்கு முசே?"

‘இருக்கச் சொல்ல’ என்றால் எங்கள் பக்கத்தில் இருக்கும்போது என்று பொருள். கதையைச் சொன்னேன். அவருக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே! சென்னைக்காரனைத் தோற்கடிப்பது தன் ரெஜிமெண்டின் வேலை என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

"நீங்க குழிய பாக்குறீங்க. அதான் தப்பு. குழிய எவன் பாக்கச் சொன்னான்? குண்டு போடச் சொல்ல மொதல்ல எத பாப்பீங்க?"

"விழுற எடத்த."

"வொலா, அதேதான்! எங்க விழுவணும்னு மட்டும் பாருங்க. விழுந்தப்புறம் அதுவே நடந்து போவும். போங்க, போய் எடத்த பாத்துட்டு வாங்க. தூஸ்மா, தூஸ்மா." மெதுவாக என்று பொருள். அதை அவர் கத்தித்தான் சொல்வார்.

நான் நடந்து போனேன். குண்டு எறிகிறவன் எங்கள் ஊரில் செய்கிற காரியம் அது. போய், குண்டு விழவேண்டிய இடத்தைக் குனிந்து பார்ப்பான். முன்னால் விழுந்த குண்டு அங்கே ஒரு பள்ளம் பறித்திருந்தால் காலால் மண்ணைத் தள்ளி மூடி, ஒரு மிதி மிதித்துவிட்டு வருவான். ஒரு பள்ளத்தை மூட ஆட்டத்தின் விதியே இடம் தருகிறது. சாப்பிடும் முன் சிலுவை போட்டுக்கொள்கிறோமே, அதுபோல. யாரும் யோசித்துச் செய்வதில்லை.

அன்றிலிருந்து பக்கெட்டைப் பார்ப்பதை விட்டேன். மாடியில் அதற்கு முன்னால் ஒரு துண்டை விரித்தேன். பந்து துண்டில் விழ வேண்டும், பிறகு அதன் இஷ்டம். கால்களைப் பெத்தாங்க் போலவே நெருக்கி வைத்தேன். துண்டில் விழ ஆரம்பித்தது. எப்போதும் அல்ல, ஆனால் பட்டறைக்காரர் அண்ணாந்து பார்ப்பதை நிறுத்தும் அளவுக்கு.

துணி எடுக்க வந்த மனைவி ஒரு சாயந்திரம் நின்று பார்த்தாள்.

"அடிக்கச் சொல்ல மூச்ச புடிச்சிகினு இருக்கீங்க."

"எல்லாரும் அப்படித்தான்."

"பாடச் சொல்ல மேல போய் மூச்ச புடிச்சா சுருதி எறங்கிடும். விட்டுகினே அடிங்க." துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, கல்யாணப் பெண் நுழையும்போது பாடுகிற பாட்டை முணுமுணுத்தாள். அந்தத் தாளத்தில் மட்டையைப் பின்னால் கொண்டு போனேன், அந்தத் தாளத்திலேயே முன்னால் விட்டேன். பந்து துண்டில் விழுந்து, ஒரு தாவு தாவி, உருண்டு போய்ப் பக்கெட்டைத் தொட்டது. டங்.

"இன்னொண்ணு" என்றாள். வெளிச்சம் போகும்வரை அவள் முணுமுணுத்தாள், நான் அடித்தேன். அவள் அந்தப் பாட்டை எங்கே நின்று பாட நினைத்தாளோ அந்த இடம் என் மணிக்கட்டில் இருந்தது.

மழைக்காலம் முடிந்து, பந்தய நாளும் வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் மட்டை மூட்டையோடு ஏறினேன். கண்டக்டர் மூட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார் இது, மீன் புடிக்கிற தூண்டிலா?"

"கோல்ஃப்."

"அதுக்கு கார்ல தான சார் போவாங்க?" என்று கேட்டுவிட்டு, காலாப்பட்டு வரைக்கும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நியாயமான கேள்வி.

கோல்ஃப் மைதானம் அழகாக இருந்தது. அவ்வளவு புல்லை மாடு இல்லாமல் பார்ப்பது மனதை என்னவோ செய்தது. சம்பந்தி வெள்ளை ஷூவில் வந்தார். நான் வேளாங்கண்ணிக்கு நடந்து போனபோது வாங்கிய கேன்வாஸ் ஷூவில் இருந்தேன். கைகுலுக்கி, "பெஸ்ட் ஆஃப் லக் சம்பந்தி" என்றார். மனதாரத்தான் சொன்னார். அதுதான் எரிச்சல்.

முதல் குழியில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மட்டை புல்லை ஒரு தோசை அளவுக்குப் பெயர்த்து எறிந்தது. தோசை பந்தைவிட அதிக தூரம் போனது. சம்பந்தி கரண்டியில் நெய் ஊற்றுவது போலப் பந்தைக் குழிக்குள் ஊற்றிவிட்டுப் போனார்.

இரண்டாவது குழியில் மனைவியின் பாட்டை உதட்டுக்குள் முணுமுணுத்தேன். பந்து நான் பார்த்த இடத்தில் விழுந்து குழியின் ஓரத்துக்கு நடந்து போனது. அடுத்த தட்டில் உள்ளே. சம்பந்திக்குக் கூடுதலாக ஒரு தட்டு தேவைப்பட்டது. "ஓ!" என்றார். பெரிய அதிகாரிகள் ஆச்சரியப்படும்போது எழும் சத்தம் அது.

ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவது குழி கிரீனின் எங்கள் பக்க விளிம்பிலேயே இருந்தது. சம்பந்தி முதலில் அடித்தார். பந்து குழியைத் தாண்டி ஓரடி போய் நின்றது. அவருக்கு இனி ஒரு தட்டு போதும். நான் வெல்ல வேண்டுமானால் ஒரே அடியில் உள்ளே போக வேண்டும். குழி அவ்வளவு பக்கத்தில் இருந்ததால் பந்து கிரீனுக்குச் சற்று வெளியிலேயே விழுந்து உருள வேண்டும். நிதானமாக நடந்து போய் இடத்தைப் பார்த்தேன். யாரோ மட்டையால் வெட்டிய சிறு பள்ளம் ஒன்று சரியாக அங்கே இருந்தது. திரும்பி வந்து நின்றேன். மூச்சை விட்டேன். பாட்டைத் தொடங்கினேன். அடித்தேன்.

பந்து அதே இடத்தில் விழுந்தது. ஒரு தாவு. பிறகு ஏதோ வீட்டு ஞாபகம் வந்ததுபோல அவசரமில்லாமல் உருண்டு போய்க் குழிக்குள் இறங்கியது.

மட்டையை மேலே தூக்கிவிட்டேன். மாடத்தில் நிற்கும் மனைவி, கீழே நடந்து வரும் மகள் இருவரும் கண்முன் தெரிந்தார்கள். சம்பந்தி கைதட்டினார்.

"பிரமாதம் சம்பந்தி. இப்படி ஒரு சிப் இந்த கிரீன்ல நா பாத்ததில்ல." பிறகு தொண்டையைச் செருமினார். "ஆனா இந்தக் குழி உங்களுது இல்ல."

"ஏன்?"

"போய் பாத்தீங்கல்ல, அப்போ கால வெச்சி அந்தப் பள்ளத்த அமுக்கினீங்க."

நான் அமுக்கினேனா? யோசித்துப் பார்த்தேன். வலது பாதம் ஒப்புக்கொண்டது. "பள்ளமா இருந்துச்சே" என்றேன்.

"அதான். பந்து போற வழிய சரி பண்ணக் கூடாது. பண்ணா குழி எதிராளிக்கு. கிரீனுக்குள்ள இருந்தா சரி பண்ணலாம். இது வெளிய." குனிந்து விரல்களை விரித்துக் காட்டினார். "ஒரு சாண் வெளிய."

"அமுக்கும்போதே சொல்லியிருக்கலாமே சம்பந்தி?"

"ஆடப் போறவர டிஸ்டர்ப் பண்ணக் கூடாது" என்றார் வருத்தத்தோடு.

"சரி, நீங்களாவது விட்டுக்கொடுக்கலாமில்ல?"

"ரெண்டு பேரும் பேசிவெச்சி ஒரு ரூல விட்டுட்டா ரெண்டு பேருமே அவுட்டு. அப்புறம் கல்யாணம் எந்தக் கோயில்லயும் நடக்காது."

ஊராரின் சான்றிதழ்களில் ஒரு கமா தவறினால் கண்டுபிடிக்கிறவன் நான். ஆட்டத்தின் விதிகளை ஒரு பக்கம்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை. சொல்தா இருக்கும்போது புத்தகம் எதற்கு?

ஊர் திரும்பியதும் முதலில் அவரிடம்தான் சொன்னேன். பொங்கி எழுந்தார். "பள்ளத்த மூடக் கூடாதா? அது இன்னா ஆட்டம் முசே? அவுங்களே குழி தோண்டி வெச்சிட்டு மூடக் கூடாதுன்னா?" தன் பங்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ராணுவத்தில் பழகியிருப்பார்.

வீட்டில் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், காலைப் பற்றியும். அவள் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. திட்டியிருந்தால் தேவலாம்போல இருந்தது. பிறகு கழுநீரைக் கொட்டிவிட்டுக் கேட்டாள்.

"பந்தயம் எதுக்கு?"

"கோயிலுக்கு."

"கோயிலுக்கு மட்டுந்தான?"

கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள்.

"அண்ணே, நாந்தான். சொன்னாரு. உங்க கோயில்லயே வெச்சிக்கலாம், பேசுனா பேசுனதுதான். பாட்டு யாருதுன்னு பந்தயத்துல பேசலையே? ... ஆமாண்ணே, நீங்க ரூல் பாக்குறவரு, தெரியும். அதான் கேக்குறேன்." மறுமுனையில் அதிகாரி ஒருவர் மனதுக்குள் விதிப்புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டுவது எனக்கே கேட்டது. "சரிங்கண்ணே, சந்தோஷம். எங்க பாட்டுக்காரங்க ஒரு பஸ்ல வருவாங்க. நிறுத்த எடம் இருக்குன்னீங்க இல்ல?"

வைத்துவிட்டு உலையில் அரிசியைப் போட்டாள். நான் ஒரு மழைக்காலம் முழுக்கப் பழகிய விஷயத்தை அவள் ஒரே தட்டில் முடித்தாள். மணிக்கட்டு அசையவே இல்லை.

கல்யாணம் சென்னையில் நடந்தது. குளிர்சாதனம் நன்றாக வேலை செய்தது. எங்கள் பங்கின் பாடகர் குழு பஸ்ஸில் வந்து, அந்தக் கோயிலின் மாடத்தில் ஏறி, கீபோர்டுக்காரரை ஒரு மூலைக்கு ஒதுக்கியது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது மேலிருந்து அந்தப் பாட்டு வந்தது. எங்கள் கோயில் மாடம் அல்ல, அந்த மரப்படி அல்ல. அது அவளுக்குக் குறைதான், இன்றைக்கும் சொல்வாள். ஆனால் குரல் உச்சியில் எங்கேயும் இறங்கவில்லை. என் நடைதான் கொஞ்சம் தடுமாறியது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பூசை முடிந்து, கோயில் முன்னால் இருந்த புல்வெளியில் இரண்டு குடும்பங்களையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அது இப்போது எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் மட்டும் தரையில் ஒரு சிறு பள்ளத்தைப் பார்க்கிறேன், வலது கால் சற்றே தூக்கியிருக்கிறது. பக்கத்தில் நிற்கும் சம்பந்தி, சிரிப்பு மாறாமல், என் முழங்கையை இறுகப் பிடித்திருக்கிறார்.